பிழை எந்தப் பிரிவில்?

முதல் எட்டுக் கேள்விகளைத் தையற்காரர் சிரமமில்லாமல் தாண்டிவிட்டார். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தகப்பன் தொழில், தாய் தொழில் எல்லாம் தெரிந்த சங்கதிகள். ஒன்பதாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. 'பிழை நிகழ்ந்த பிரிவு: மைட்டாசிஸ் / மியாசிஸ். பொருந்தாததை அடிக்கவும்' என்று அச்சிட்டிருந்தது. எது பொருந்தும், எது பொருந்தாது என்று தெரிந்தால்தானே அடிக்க முடியும்?

பிறவிப் பிழைச் சான்று வாரியத்தின் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாதபடி ஒன்றோடொன்று சங்கிலி போட்டுப் பிணைத்திருந்தார்கள். ஒருவர் எழுந்தால் வரிசை முழுக்கக் குலுங்கும். தையற்காரர் பக்கத்தில் இருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டபடி எழுந்து, கம்பி வைத்த ஜன்னலுக்குப் போனார்.

"எந்தப் பிரிவுன்னு தெரியலைங்க. நீங்க சொன்னா அங்க போய் நிக்கிறேன்" என்றார்.

"இது ஆபீஸ் பிரிவு இல்ல, செல் பிரிவு" என்றார் எழுத்தர். "எந்தச் செல் பிரிவுல பிழை நடந்ததோ, அதுக்குன்னு இருக்கற ஆபீஸ் பிரிவுக்குப் போகணும்."

தையற்காரர் சட்டைப் பையிலிருந்த செல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எழுத்தர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அதற்கும் ஒரு படி மேலே போய், ஜன்னலைச் சாத்திவிட்டார்.

அவர் வந்தது மகளுக்காக. மகளுக்கு ஆறு வயதும் நாலு மாதமும். டவுன் சிண்ட்ரோம் என்று பிறந்த வாரமே சொல்லிவிட்டார்கள். பேச்சு சரியாக வரவில்லை. யார் என்ன சொன்னாலும் அதன் கடைசி வார்த்தையைப் பிடித்துத் திருப்பிச் சொல்வாள். அதனால் வீட்டில் மைனா. பஸ் டிப்போவுக்குப் பின்னால் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பேச்சுப் பழக்கும் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே இருந்த தலைமை ஆசிரியை மைனாவை அரை மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு விளையாடிவிட்டு, இந்தப் பெண் நிச்சயம் பேசுவாள், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். இரண்டே நிபந்தனைகள். வாரியத்தின் சான்று வேண்டும். ஏழு வயது முடிவதற்குள் சேர்க்க வேண்டும். ஏழு முடிந்தால் தன் கையில் ஒன்றுமில்லை என்று கையை விரித்துக் காட்டினார்.

ஆகவே தையற்காரர் கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு, மைனாவையும் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். மரபணுப் பரிசோதனைக் கூடம் அடித்தளத்தில், சலவை அறைக்கு அடுத்து இருந்தது. அங்கே இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். ரத்தம் எடுத்து, மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். போனபோது, கழுத்தில் கிடந்த அளவு நாடாவோடு அப்படியே ஓடி வந்திருந்த தையற்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டு உட்காரச் சொன்னார்.

"உடம்புல செல் பிரியறது ரெண்டு விதம். ஒண்ணு மைட்டாசிஸ். நீங்க அட்டை வச்சுத் துணி வெட்டற மாதிரி. ஒரு செல்லுல நாப்பத்தாறு குரோமோசோம் இருக்கு. அத்தனையையும் படி எடுத்துக்கிட்டு, ஒரு தடவை பிரிஞ்சு, அச்சு அசலா ரெண்டு செல் ஆயிரும். ரெண்டுலயும் நாப்பத்தாறு. பிள்ளை வளர்றது, புண்ணு ஆறறது எல்லாம் இதுதான். உங்க உடம்புல இப்பக்கூட நடந்துக்கிட்டிருக்கு."

"இன்னொண்ணு?"

"மியாசிஸ். அது விந்தும் கருமுட்டையும் உண்டாகறதுக்குன்னே இருக்கறது. வேற எங்கயும் கிடையாது. படி எடுக்கறது ஒரு தடவை, பிரியறது ரெண்டு தடவை. கடைசியில ஒவ்வொண்ணுலயும் பாதிதான் இருக்கும், இருபத்துமூணு. அந்தப் பாதியும் கலைச்சு மாத்திப் போட்ட பாதி. அதனால ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது."

தையற்காரர் கொஞ்சம் யோசித்தார். "அப்பன் முன்பக்கத்தை வெட்டித் தர்றான், அம்மா பின்பக்கத்தை வெட்டித் தர்றா. சேர்த்துத் தைச்சா ஒரு சட்டை. அந்தச் சட்டையைப் பார்த்து அதே மாதிரி வெட்டிக்கிட்டே போறது மைட்டாசிஸ். சரிங்களா?"

இனிமேல் மாணவர்களுக்கும் இப்படியே சொல்லிவிடுகிறேன் என்றார் டாக்டர். பிறகு அறிக்கையைப் பிரித்தார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மியாசிஸிலேயே ஒரு குரோமோசோம் கூடிவிடும். அப்படியானால் எல்லாச் செல்லிலும் நாற்பத்தேழு இருக்கும். மைனாவின் ரத்தத்தில் முப்பது செல்களை எண்ணியதில் பன்னிரண்டில்தான் நாற்பத்தேழு, மீதிப் பதினெட்டில் சரியாக நாற்பத்தாறு. ஆக, இரண்டு பாதியும் ஒழுங்காகத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. சேர்ந்த பிறகு, கரு வளர்கிற சமயத்தில், மைட்டாசிஸில் எங்கேயோ ஒரு செல் பிரியும்போது பிசகியிருக்கிறது.

"யார் தப்பு டாக்டர்?"

"யார் தப்பும் இல்ல. மியாசிஸ்ல நடந்திருந்தாலும் யார் தப்பும் இல்ல. அந்த வாரியத்துக்குத்தான் யாராவது ஒருத்தர் வேணும்."

தையற்காரரின் மனைவி கடையின் பின்கட்டில் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். பொத்தான் துளைக்கு நூல் சுற்றுவது அவள் வேலை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது துளை போடுவாள். அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஊசியை மடியில் கிடந்த துணியில் குத்தி வைத்தாள். ஆறு வருஷமாக அவருடைய அக்கா இவர்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், மாசமாக இருந்தபோது இவள் எதைத் தின்றாளோ, எங்கே விழுந்தாளோ என்று சுவரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போவது வழக்கம்.

"யார் தப்பும் இல்லன்னு இதுல எழுதியிருக்கா?" என்று கேட்டாள்.

"இதுல இல்ல. வாயால சொன்னாங்க."

"எழுதிக் குடுத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஊசியை எடுத்தாள்.

மைட்டாசிஸ் பிரிவு வாரியத்தின் மூன்றாவது மாடியில், கழிப்பறையும் தாண்டி, கடைசி அறை. மனைவியோடும் மைனாவோடும் வந்த தையற்காரரை அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். பதினோரு வருஷமாக அந்த நாற்காலியில் இருக்கிறார். இதுவரை ஏழு மனுக்கள் வந்திருக்கின்றன. ஒன்றைக்கூடத் தான் அவசரப்பட்டு முடித்ததில்லை என்று பெருமையோடு சொன்னார். மேஜையில் தூசி ஒரு பொட்டு இல்லை. ஊசி முனையாகச் சீவிய பென்சில்கள் பன்னிரண்டு வரிசையாக இருந்தன.

தையற்காரர் நீட்டிய மனுவைப் படித்துவிட்டு, கையெழுத்து தவறு என்று திருப்பித் தந்தார். மியாசிஸ் என்றால் பெற்றவர்கள் உடம்பில் நடப்பது, அவர்கள் மனுப் போடலாம். மைட்டாசிஸ் பிள்ளையின் சொந்த உடம்பில், பிள்ளை என்று ஒன்று உண்டான பிறகு நடப்பது. அதற்கும் பெற்றவர்களுக்கும் என்ன சம்பந்தம்? பிழை செய்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

"பிழை செஞ்சவங்கன்னா, இவளா?" மைனா அப்போது பென்சில்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சட்டத்துக்கு வயசு தெரியாதுங்க. நான் கருணையில்லாதவன் இல்ல. கட்டை விரல் ரேகை போதும்."

அப்புறம் தாய் செல்லின் ஒப்புதல் வேண்டும் என்றார். மனைவி முன்னால் வந்து, நான்தான் தாய், எங்கே போட வேண்டும் என்று கேட்டாள். அதிகாரி பொறுமையாக விளக்கினார். அவள் தாய். அவர் கேட்பது தாய் செல். பிசகிப் பிரிந்த அந்த முதல் செல். அது இப்போது எங்கே என்று தையற்காரர் கேட்டார். ஒரு செல் இரண்டு சேய் செல்லாகப் பிரிந்துவிட்டால் அப்புறம் தாய் செல் என்று ஒன்று இருக்காது என்றார் அதிகாரி.

"இல்லாததுகிட்ட எப்படிங்க ஒப்புதல் வாங்கறது?"

"இல்லைன்னா, இல்லைங்கறதுக்கு இறப்புச் சான்று வைக்கணும்."

கடைசியில் அதிகாரியே ஒரு வழி கண்டுபிடித்தார். 'தாய்: இல்லை' என்று மனுவின் மேல் மூலையில் எழுதிக்கொண்டார். மனைவி அதைத் தலைகீழாகப் படித்தாள். தன் கைப்பையை மடியில் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு விசாரணை. அதிகாரி மைனாவை நாற்காலியில் உட்காரவைத்து, தானே கேள்வி கேட்டு, தானே எழுதிக்கொண்டார்.

"உன் உடம்புல, உனக்குத் தெரிஞ்சே இது நடந்ததா?"

"நடந்ததா" என்றாள் மைனா.

'நடந்ததை மறுக்கவில்லை' என்று எழுதினார்.

"யாராவது தூண்டினாங்களா, நீயேதானா?"

"நீயேதானா."

அதிகாரி பேனாவை எடுத்துவிட்டுக் குழந்தையை உற்றுப் பார்த்தார். 'விசாரணை அலுவலர் மீதே குற்றம் சாட்டுகிறார்' என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார். தையற்காரர் பதறிப்போய், அவள் எல்லோரிடமும் அப்படித்தான், கடைசிச் சொல்லைத்தான் சொல்வாள் என்று கெஞ்சினார். கடைசிச் சொல்லுக்குத்தான் சட்டத்தில் மதிப்பு என்றார் அதிகாரி.

தீர்ப்பு வர நாலு மாதம் ஆயிற்று. அதற்குள் தையற்காரர் ஒன்பது தடவை மூன்று மாடி ஏறி இறங்கினார். பள்ளிச் சீருடை தைக்கும் பருவத்தில் கடை மூடிக் கிடந்தது. வந்த காகிதத்தில் இப்படி இருந்தது: முப்பது செல்லில் பன்னிரண்டு என்பதால் மனுதாரர் நூற்றுக்கு நாற்பது பங்கு மட்டுமே பிழையுள்ளவர். ஆகவே வாரத்தின் ஐந்து பள்ளி நாட்களில் இரண்டு நாட்கள் சிறப்புப் பள்ளிக்குச் செல்லலாம். மீதி மூன்று நாட்கள் அவர் பிழையற்றவராகக் கருதப்பட்டு, பொதுப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு தேர்வு எழுத வேண்டும்.

பொதுப் பள்ளியில் முழுப் பிள்ளையைத்தான் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். டிப்போ பின்னால் இருந்த பள்ளியின் தலைமை ஆசிரியை காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நாற்பது பங்குச் சான்றை வைத்துக்கொண்டு தன்னால் பதிவேட்டில் பெயர் ஏற்ற முடியாது என்றார். மைனாவுக்கு ஏழு முடிய அறுபது நாள்கூட இல்லை என்பதையும் அவரே விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.

வாரியத்துக்கு மறுபடியும் ஒரு மாதத்துக்கு மேல் அலைந்த பிறகு, ஒரு நாள் கம்பி ஜன்னல் எழுத்தருக்கு மனசு இளகியதோ, இல்லை தையற்காரரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டதோ தெரியவில்லை. கிட்டே கூப்பிட்டார்.

"எதுக்குங்க மூணு மாடி ஏறி உயிரை விடறீங்க? மியாசிஸ்னு எழுதுங்க. கீழ்த்தளம். ஒரு வாரத்துல கையில வந்துரும்."

"டாக்டர் அறிக்கை வேற மாதிரி சொல்லுதே."

"அங்க அறிக்கையே கேக்க மாட்டாங்க. அம்மா கையெழுத்துப் போட்டா முடிஞ்சது."

தையற்காரர் கூடாது என்றார். ஆறு வருஷம் கழித்து ஒரு டாக்டர் உண்மையைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பொய்யில் கையெழுத்துப் போடுவதா என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். மனைவி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தாள். இறங்கும்போது சொன்னாள்.

"உண்மையை மூணாம் மாடியில குடுத்துப் பார்த்தாச்சு. நாளைக்குக் காலையில கீழ்த்தளத்துக்குப் போவோம்."

மியாசிஸ் பிரிவில் கூட்டம் நெரிந்தது. வரிசை முழுக்கப் பெண்கள். சிலர் இடுப்பில் குழந்தை, சிலர் கையில் குழந்தையின் போட்டோ. பிரிவின் தலைமை அதிகாரி ஒரு அம்மாள். தேன் தடவிய குரல். யார் வந்தாலும் 'வாம்மா, உட்காரும்மா' என்பார். ஒவ்வொருத்தியும் உறுதிமொழியை உரக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். முன்னால் நின்ற பெண் படித்தது தையற்காரர் காதில் விழுந்தது: 'என் பாதியில் நேர்ந்த பிழையால் இக்குழந்தை இவ்வாறு பிறந்தது என்பதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்.' அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை. சிப்பந்தி ஒருவர் வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்தார்.

அவர்கள் முறை வந்தபோது தையற்காரர் மனைவிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

"எம் பேர்ல எழுதிக்குங்க அம்மா. மியாசிஸ் ஆம்பளை உடம்புலயும் நடக்குதாம். பாதி என்னோடதுதானே? என் பாதியில பிழைன்னு நான் படிக்கிறேன்."

அதிகாரி அம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நிஜமாகவே வருத்தம் இருந்தது.

"நல்ல மனசு உங்களுக்கு. ஆனா பாருங்க, ஆண் பக்கத்துக்குப் படிவம் அச்சடிக்கல. அச்சடிச்சா யார் வந்து போடுவாங்கன்னு ஒரு குழு போட்டு ஆராய்ஞ்சோம். குழுவுல இருந்தவங்க எல்லாரும் ஆம்பளைங்கதான், அதனால அவங்களுக்கு நல்லாத் தெரியும். யாரும் வர மாட்டாங்கன்னு ஒருமனசா சொல்லிட்டாங்க."

"நான் வந்திருக்கேனே."

"ஒருத்தருக்காக அச்சடிக்க முடியாதுங்களே" என்று சொல்லிவிட்டுத் தையற்காரரின் மனைவி பக்கம் திரும்பினார். "நீ உட்காரும்மா. இதுல அவமானம் ஒண்ணுமில்ல. ஒத்துக்கிட்டா மனசு லேசாயிரும். நான் எத்தனை ஆயிரம் பேரைப் பார்த்திருக்கேன். எழுந்து போறப்ப எல்லாரும் அழுதுக்கிட்டுத்தான் போவாங்க, அவ்வளவு நிம்மதி."

மனைவி உட்கார்ந்தாள். சிப்பந்தி சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கடை விலாசத்தைப் படிப்பதுபோல் படித்தாள். கையெழுத்துப் போட்டாள். எழுந்து வரும்போது அழவில்லை. அதிகாரி அம்மாளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும், பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள் சான்று தபாலில் வந்தது. நல்ல கெட்டித் தாள், தங்க விளிம்பு. ஏழு முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கையில் மைனா பள்ளியில் சேர்ந்தாள். அதே வாரம் அக்கா வந்தார். சான்றைக் கேட்டு வாங்கி, நின்றபடியே படித்தார். தன் தம்பியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, இப்போது அரசாங்கமே சொல்லிவிட்டது, இனி நான் எதற்குச் சொல்லப்போகிறேன் என்றார். தையற்காரர் கத்தரிக்கோலை மேஜையில் ஓங்கி வைத்துவிட்டு, டாக்டர் சொன்னதை, முன்பக்கம் பின்பக்கம் என்று ஆரம்பித்து முழுதும் சொன்னார். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரிடா. இதுல அவளே எழுதிக் குடுத்திருக்காளே?"

பின்கட்டில் நூல் இழுக்கும் சத்தம் நிற்கவில்லை.

அடுத்த வருஷம் சான்றைப் புதுப்பிக்கும் சமயத்தில் ஒரு கடிதம் வந்தது. வாரியத்தின் ஆண்டு விழாவில், பிழையைத் தயக்கமின்றி ஒப்புக்கொண்ட முன்மாதிரித் தாய் என்ற முறையில் தையற்காரரின் மனைவி புதுத் தாய்மார்களுக்கு அறிவுரை சொல்ல வேண்டும். உரை இணைக்கப்பட்டுள்ளது. வராவிட்டால் புதுப்பிப்பதில் தாமதம் நேரலாம். தையற்காரர் கடிதத்தைக் கசக்கப் போனார். மனைவி வாங்கி நீவி, இஸ்திரிப் பெட்டியின் கீழே வைத்தாள். மைனா அப்போது 'எனக்குப் பசிக்குது' என்று யாரும் சொல்லாமலே, முழுதாகச் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தாள். அதற்குள் பள்ளியை விட்டு நிறுத்த முடியுமா?

விழாவில் இயக்குநர் பேசினார். இந்த ஆண்டு மைட்டாசிஸ் பிழை என்று ஒரு மனுகூட வரவில்லை. உலகத்தின் பெரிய பெரிய ஆராய்ச்சிக்கூடங்களால் முடியாததை இந்த வாரியம் சாதித்திருக்கிறது. பிழை முழுவதும் மியாசிஸில்தான், அதிலும் முழுவதும் தாய்மாரிடத்தில்தான் என்பது புள்ளிவிவரத்தில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டது. ஒரு தகப்பன்மீதுகூட இதுவரை பிழை பதிவாகவில்லை என்று அவர் சொன்னபோது முன்வரிசை கைதட்டியது. மைட்டாசிஸ் பிழையை ஒழித்ததற்காக மூன்றாம் மாடி அதிகாரிக்குக் கேடயம் கொடுத்தார்கள். அவர் கண் கலங்கிவிட்டது.

பிறகு மனைவியைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறி, ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு, கொடுத்த உரையை ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். 'நான் செய்த பிழையை நீங்களும் மறைக்காதீர்கள்' என்ற இடத்தில், இரண்டாவது வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு சின்னப் பெண் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கியதைத் தையற்காரர் பார்த்தார். மனைவியும் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பி, மேலே படித்தாள்.

இறங்கி வந்ததும் அந்தப் பெண் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி அம்மாள் பக்கத்திலேயே, நிரப்பாத படிவமும் பேனாவுமாக நின்றார்.

"அக்கா, நிஜமாவே நம்ம தப்புதானா?"

மனைவி அதிகாரி அம்மாளைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் காதோரம் குனிந்தாள்.

"முதல்ல கையெழுத்தைப் போடு. பிள்ளைக்குச் சான்று வேணும். மத்ததை வெளிய வந்து சொல்றேன்."

அந்தப் பெண் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்ததும், வெளியே மதில் ஓரம், வண்டிகள் நிறுத்தும் இடத்தில் வைத்துச் சொன்னாள். பாதி எப்படி உண்டாகிறது, முழுசு எப்படிப் படியெடுத்துப் பெருகுகிறது, எங்கே பிசகினாலும் அதைச் செய்தவர் என்று யாரும் கிடையாது என்று, டாக்டர் தையற்காரருக்குச் சொன்னதை, அவர் தனக்குச் சொன்னதைவிடத் தெளிவாகச் சொன்னாள். இத்தனை நாளும் அவள் அதை ஒருத்தரிடமும் பேசி அவர் கேட்டதில்லை. அந்தப் பெண் மூச்சு விடாமல் கேட்டாள். முகம் கொஞ்சம் தெளிந்ததுபோல் இருந்தது. அப்புறம் மறுபடி வாடிவிட்டது.

"எனக்குச் சொன்னது போதாதுக்கா. எங்க வீட்டுக்காரருக்கு யார் சொல்றது? அவர் காகிதத்துல இருந்தாத்தான் நம்புவாரு."

"எங்க அவரு?"

கேட்டுக்கு வெளியே என்று காட்டினாள். உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டாராம்.

மனைவி தையற்காரரைப் பார்த்தாள். ஆம்பளைக்கு ஆம்பளை சொன்னால் எடுபடுமோ என்னவோ என்று அவர் கேட்டை நோக்கி நடந்தார். முன்பக்கம், பின்பக்கம் என்று எங்கே ஆரம்பிப்பது என்பதை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டார். அங்கே மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒரு இளைஞன், சேலையும் குழந்தைத் துணியும் பிதுங்கிய இரண்டு மூட்டைகளையும் ஒரு தகரப் பெட்டியையும் பக்கத்தில் இறக்கி வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். பெட்டிமேல் பெண்கள் போடும் செருப்பு ஒரு ஜோடி இருந்தது.

"தம்பி" என்றார் தையற்காரர்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். உள்ளேயிருந்து வருகிறவர் என்றதும் வாரியத்து ஆள் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. பவ்வியமாகக் கையைக் கட்டிக்கொண்டான்.

"கையெழுத்துப் போட்டுட்டாளா சார்?"